ஆடி மாதத்து வெயில் நோட்டு

போன ஆடியில் கோத்தகிரிப் பக்கம் ஒரு விடுதிக்குப் போயிருந்தேன். வரவேற்பு மேசையில் அழகுக்கு வைத்திருந்த கண்ணாடி உருண்டை, ஜன்னல் வெயிலில் பக்கத்திலிருந்த பதிவேட்டைப் பொசுக்கிக்கொண்டிருந்தது. "ஐயோ, பொகைங்க சார்!" என்று அலறினாள் மேசையில் இருந்த வரவேற்புப் பெண். அணைத்த பிறகு, "ஏனுங்க, இது ஜோசியம் பாக்குற உருண்டைங்களா?" என்று வேறு கேட்டாள். எனக்கு வந்ததே எரிச்சல்! அம்மா தாயே, அதை வைத்துத்தான் நான் நாலு வருஷம் சோறு தின்றேன்.

தேயிலை விலை அடியோடு விழுந்திருந்த காலம் அது. ஓர் எஸ்டேட்டில் நான் சின்ன கிளார்க். ஆபீஸ் மொட்டை மாடியில் இதே மாதிரி ஓர் உருண்டை. அதன் பின்னால் தினமும் ஓர் அட்டையைச் செருகுவேன். வெயில் அடித்த நேரத்துக்கு அட்டையில் கரிக்கோடு விழும். மாலையில் அதை அளந்து நோட்டில் எழுத வேண்டும். வெயில் குறைந்தால் கொழுந்தில் கொப்புள நோய் வரும். அது ஒரு பூஞ்சை. மூடுபனி என்றால் அதற்குக் கொண்டாட்டம். நோட்டைப் பார்த்துத்தான் எஸ்டேட் மேனேஜர் துரை, பூஞ்சையைக் கொல்லும் செம்பு மருந்தை அடிக்கச் சொல்வார்.

கருகிய அட்டையின் வாசனை வந்தால், எனக்குக் கூடவே காளான் குழம்பு வாசனையும் வந்துவிடும். அதற்குக் காரணம் ராசையா. இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்தவர், மருந்து அடிப்பவர். வாரத்தில் மூன்று நாள் வேலை கிடைத்தாலே பெரிது. மலையில் ஆடி என்றாலே மழையும் மூடுபனியும்தான்; ஓர் ஆடியில், சொன்னால் நம்பமாட்டீர்கள், ஒரு வாரம் சுள்ளென்று வெயில். மருந்தடிப்பு நின்றது. ராசையா மாடிப்படி ஏறி வந்தார்.

"ஐயா, ஊட்டுல அடுப்பு பத்தல. வெயிலக் கொஞ்சம் கொறச்சுப் போடுங்களேன். வானமா வந்து சாட்சி சொல்லப்போவுது?"

அட்டைகளை அடுப்பில் போட்டுவிட்டு, நோட்டில் 'மூடுபனி' என்று எழுதினேன். பெரிய தர்மவான் என்று நினைப்பு! மருந்தடிப்பு நடந்தது. ராசையாவின் மனைவி லெட்சுமி, தொழிலாளர் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் சரிவில் பறித்த காளானைக் குழம்பு வைத்துக் கொடுத்தனுப்பினார். வேலையில்லாத நாட்களில் அவர்களுக்குக் கறியும் மீனும் அதுதான். அடுத்த இரண்டு ஆடியிலும் வெயில் அடித்தது, நானும் பனி எழுதினேன்.

நாலாவது வருஷம் சரிவில் ஒரு காளான்கூட முளைக்கவில்லை.

"மேல அடிக்கிற மருந்தெல்லாம் இங்கதானே வடியுது" என்றார் லெட்சுமி.

"மருந்தாவது மண்ணாங்கட்டியாவது! ஈரமே இல்ல, எப்புடிடி மொளைக்கும்?" என்றார் ராசையா.

சண்டை தீருமுன்பே குடும்பத்தோடு திருப்பூருக்குப் போய்விட்டார்கள். காளானும் ஒரு பூஞ்சைதான், சருகை மட்க வைத்து மண்ணாக்குவதே பூஞ்சைதான் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. செம்பு தேங்கினாலும் அதற்கு ஆகாது, மண் காய்ந்தாலும் ஆகாது. இப்போது அந்தச் சரிவில் சருகு முழங்கால் உயரத்துக்கு மட்காமல் கிடக்கிறது.

விடுதிக்கு நான் போனது சும்மா அல்ல. மண் ஆராய்ச்சி செய்யும் ஒரு பெண் வரச் சொல்லியிருந்தாள். எஸ்டேட்டின் பழைய நோட்டு அவள் கையில் இருந்தது.

"காளான் செத்தது மருந்தாலயா, வெயிலாலயான்னு இத வெச்சுத்தான் சார் சொல்லணும். ஆடியில எப்பத்துலேர்ந்து வெயில் ஏறுச்சுன்னு பாக்கணுங்க."

வாங்கிப் புரட்டினேன். வெளியே வெயிலில் கண் கூசியது. நோட்டில், முத்து முத்தான என் கையெழுத்தில், மூன்று ஆடியும் மூடுபனி.