டி டிரைவில் இருந்த 786

இதை எழுத உட்கார்ந்து, பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்த நாட்கள் பல வருடங்களாக உண்டு. இறைவன் பெயர் சம்பந்தப்பட்ட விஷயம். ஒரு சொல் பிசகினாலும் யாராவது மனம் நோவார்கள். அந்தப் பயத்தோடுதான் இன்றும் எழுதுகிறேன்.

உத்தமபாளையத்திலிருந்து தேனிக்கு பஸ்ஸில் போய் வேலை பார்த்த காலம் அது. பிளஸ் டூ, அதற்கு மேல் ஒரு கம்ப்யூட்டர் வகுப்பு, அவ்வளவுதான் என் படிப்பு. ஏலக்காய்க் கடைகளுக்கான பில் மென்பொருளைச் சோதிக்கும் சின்ன ஆபீஸ். சோதனையை ஒருமுறை எழுதி வைத்துவிட்டால், கம்ப்யூட்டர் தானே ஒரு மாதிரிக் கணக்கைத் திறந்து, எடையும் விலையும் போட்டு, பில் சரியா என்று பார்க்கும். சரியென்றால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு. நானும் ராயப்பன்பட்டியிலிருந்து வரும் ஓர் அக்காவும் அவரவர் மெஷினில் எழுதி, ஓட்டிப் பார்ப்போம். இரண்டையும் ஒரே தொகுப்பாகச் சேர்த்துத் தன் பேரில் சென்னை ஆபீஸுக்கு அனுப்புவது அக்கா.

இறைவன் பெயரால் என்று தொடங்கும் பிஸ்மில்லாஹ்வுக்கு எண்ணாக, மேலே 786 போடாமல் என்னைப் பெற்ற அத்தா ஒரு துண்டுச் சீட்டுகூட எழுத மாட்டார். அந்தப் பழக்கத்தில் டி டிரைவில் 786 என்று ஒரு ஃபோல்டர் போட்டு, எல்லாவற்றையும் அதற்குள் வைத்தேன். அக்கா தன் மெஷினில் மாதா பெயரால் 'மரியே' என்று போட்டிருந்தார்.

ஒருநாள் காலையில் மேனேஜர் வந்தார். முகமே சரியில்லை.

"அக்கா, நீங்க பச்சைன்னு அனுப்புனது பூராம் சென்னையில செவப்பா வருதாம். ஓட்டாமலே ஓட்டுனதா எழுதிட்டாகன்னு பேசுறாக. சாயங்காலம் திரும்ப ஓட்டுவாக. ஒண்ணு செவப்பு வந்தாலும் ஒங்கள நிப்பாட்டச் சொல்லிட்டாக."

அக்கா கழுத்து ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டார். அவர் மகள் நர்சிங் படிப்பது அந்தச் சம்பளத்தில்தான்.

அவர் எழுதியதை என் மெஷினில் ஓட்டினோம். சிவப்பு. என்னுடையதை அவர் மெஷினில் ஓட்டினோம். அதுவும் சிவப்பு. மேனேஜர் குனிந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"மாதிரிக் கணக்கு எங்கன இருக்குன்னு டி டிரைவ்ல இருந்து முழு விலாசம் எழுதிருக்கீக. பாய் மெஷின்ல 786, ஒங்க மெஷின்ல மரியே. அந்த ஃபோல்டருக்குச் சென்னையில எங்க போவாக? கணக்கையும் தொகுப்புக்குள்ளயே வைங்க. சோதனை நிக்கிற எடத்துல இருந்து எழுதுங்க. ரெண்டு புள்ளி வச்சா ஒரு படி மேல, அங்கன இருந்து கணக்கு ஃபோல்டர். முன்னாடி இருக்கதப் பூராம் அழிச்சிருங்க."

"முன்னாடி இருக்கதுன்னா?" என்றேன்.

"அந்த 786-தேன் பாய்."

அக்கா சிலுவை வரைந்துகொண்டு தன்னுடையதை அழித்தார். என் விரல் போகவில்லை. வெறும் எண்தானே என்று மனசு ஒரு பக்கம் சொன்னது. அத்தாவின் கை அதை எழுதுவது மறுபக்கம் கண்ணில் நின்றது.

"ஏன் பாய், ஒங்க ஆண்டவரு டி டிரைவ்லயா குடியிருக்காக?" என்று அக்கா சிரிக்கப் பார்த்தார். "எங்க மாதாவ நான் எறக்கி விட்டுட்டேன். கோவிச்சுக்கிற மாட்டாக."

லுஹர் என்கிற மதியத் தொழுகைக்கு பாங்கு கேட்டது. தொழுதுவிட்டு வருகிறேன் என்று எழுந்தேன்.

"அவரு வர்றதுக்குள்ள நீங்களே அழிச்சு விட்ருங்கக்கா, என்னா பெரிய வேல?" என்றார் மேனேஜர்.

"அது அவுக கையாலதேன் போகணும் சார். நான் தொட மாட்டேன்."

படியிறங்கும்போது அக்கா இப்படிச் சொன்னது காதில் விழுந்தது. பள்ளிவாசலில் நெற்றியைத் தரையில் வைத்து, சஜ்தாவில் அழுதேன். உன் பெயரை அழிக்கவில்லை ரப்பே, ஒரு விலாசத்தை மாற்றுகிறேன் என்று கேட்டுக்கொண்டேன்.

திரும்பி வந்தால் என் திரை விட்டது விட்டபடி இருந்தது. அக்கா சாப்பாட்டைக்கூடத் திறக்கவில்லை. பிஸ்மில்லாஹ் சொல்லி, ஒவ்வொரு சோதனையிலிருந்தும் அதை எடுத்தேன்.

சாயங்காலம் சென்னையில் எல்லாம் பச்சை. அக்காவின் வேலை தப்பியது. பொய் எழுதினார் என்று பேசியதற்கு மட்டும் யாரும் வருத்தம் சொல்லவில்லை.

அதோடு முடியவில்லை. ஆபீஸ் பேச்சு எப்படியோ இரண்டு ஊருக்குள்ளும் போயிருந்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வெளியே வந்தபோது பெரியவர் ஒருவர் மறித்தார். "ஏலே, வேதக்காரப் பொம்பள சொன்னான்னு அல்லா பேர அழிச்சியாமே?" அக்காவிடம் அவர் ஊரில், ஒரு பாய் சொல்லி மாதா பேரை அழித்தாயா என்று கேட்டிருக்கிறார்கள். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் பேசிக்கொண்டு வந்த நாங்கள், அதற்குப் பிறகு ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்து வந்தோம்.

அதனால் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். இதை யாரிடமாவது சொன்னால் நடந்தபடியே சொல்லுங்கள். அவருடையதை அவரே அழித்தார், என்னுடையதை நானே அழித்தேன். தன் வேலை போகிற நேரத்திலும், நான் தொழுது வரும்வரை அவர் அதைத் தொடவில்லை. இதில் எதையும் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.