சத்தம் இல்லாத பதிவு

எனக்குக் கோபம் மூக்கு நுனியில்தான் இருக்கும். ஞாயிறு காலைகளில் திண்டிவனத்து வீட்டிலிருந்தே, தொலைதூரக் கல்வி மாணவர்களுக்கு ஆன்லைனில் சுற்றுச்சூழல் பாடம் நடத்துகிறேன். சொந்த ஊர் ஏரியைப் பற்றிக் கட்டுரை கேட்டால், பாதிப் பேர் நெட்டிலிருந்து ஏதோ வெளிநாட்டு ஏரிப் படத்தை எடுத்து ஒட்டி அனுப்பினார்கள். எரிச்சல் தாங்கவில்லை. "உங்க ஊர் ஏரியில நின்னு, கிளாஸ் நடக்கும்போதே காட்டுங்க. இல்லன்னா மார்க் கிடையாது" என்று கத்திவிட்டேன்.

கிளியனூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி, கூலி வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவள், அடுத்த ஞாயிறு போனோடு ஏரிக்குள் இறங்கினாள். "பாருங்க மேடம், ரெண்டு ஆள் ஆழத்துக்கு மண்ணத் தோண்டிக்கினு இருக்காங்க." ஜேசிபி உறுமியது. யாரோ கத்தினார்கள். இரைச்சல் கேட்டாலே என் விரல் தானாகப் போய் மாணவர் மைக்கை அணைத்துவிடும், வருஷக்கணக்கான பழக்கம். அணைத்தேன். "சத்தமில்லாத இடமாப் பார்த்து வாம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த மாணவரிடம் போய்விட்டேன்.

மறுபடி பார்த்தபோது திரையில் அவள் கட்டத்தில் வெறும் வானம். "போனப் பிடிக்கக்கூடவா தெரியாது?" என்று அத்தனை பேர் முன்னால் திட்டினேன், பாவி. அப்போதுதான் ஒரு கை அவள் முடியைக் கொத்தாகப் பிடித்துக் கீழே தள்ளியது. மண்வெட்டிக் காம்பு இறங்கியது. ஏறியது. மறுபடி இறங்கியது. தடுத்த கை முழங்கைக்குக் கீழே மடங்கியதைப் பார்த்தேன். ரத்தம் வழிந்த வாய் திறந்து திறந்து மூடியது. ஐயோ, மைக்கைத் திறக்க நான் தடுமாறிக்கொண்டிருக்கும்போதே ஒரு செருப்புக் கால் போனை மிதித்து நசுக்கிவிட்டது.

போலீஸ் ஸ்டேஷனில் வகுப்புப் பதிவைப் போட்டுக் காட்டினேன். அடித்தவன் முகம் எங்குமே விழவில்லை.

"பேர் சொல்லித்தான் சார் ஒருத்தன ஒருத்தன் கூப்டுக்கினானுங்க. நல்லா கேளுங்க, அதுல இருக்கும்" என்றாள் அவள், கையில் மாவுக்கட்டோடு.

ஏட்டு மூன்று முறை போட்டுப் பார்த்தார். "அடிக்கிற எடத்துல ஏரிப் பக்கத்துச் சத்தமே இல்லியேம்மா. இத வச்சி எவனப் புடிக்கிறது?"

அவள் என் பக்கம் திரும்பினாள். "அவ்ளோ அடியிலயும் உங்களத்தான மேடம் கூப்டேன். கேக்கலியா?"

"கேக்கலம்மா" என்றேன். ஏன் கேட்கவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.