கேட்டால்தான் அவுட்

என் அக்காவின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் குழிக்குள் இறங்குமுன் மெயின் சுவிட்சைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். வேலை முடியும்வரை முதலாளியே வந்து நின்றாலும் சாவி வெளியே வராது. மனிதர்களிடமும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் பெண்கள் ஆடும் சாஃப்ட்பாலுக்கு அம்பயராக நிற்பார். மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் முகம் அசையாது என்பதால் ஆட்டக்காரிகள் அவருக்கு வைத்த பெயர் 'சிலை'. வீட்டில் நாங்களும் அவர் காதில் விழாமல் அப்படித்தான் சொல்வோம்.

அக்காவுக்கு பிஸ்கட் ஆலையில் பாக்கிங் வேலை. சேர்ந்த நாளிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளிதான். ஆலையின் சாஃப்ட்பால் அணியில் மூன்றாவது பேஸில் நின்று பந்து பிடிப்பவள். அந்த வருஷம் மேனேஜர் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்: கோப்பையோடு வந்தால் அணியில் இருப்பவர்களுக்கு வேலை நிரந்தரம், இல்லையென்றால், பாக்கிங்குக்கு மெஷின் வருகிறது, வீட்டுக்குப் போகலாம். அதைக் கேட்டு வந்ததிலிருந்து அக்கா சரியாகத் தூங்கவில்லை.

இறுதி ஆட்டத்துக்கு வரவேண்டிய அம்பயர் காய்ச்சலில் படுத்துவிட்டார். வேறு ஆளும் கிடைக்கவில்லை. "பொண்டாட்டி ஆடுற ஆட்டத்துல நான் நிக்கக் கூடாது" என்று மாமா மறுத்தார். எதிரணி நர்ஸுகளின் கேப்டன்தான் சிரித்தாள். "நீங்களே நில்லுங்க சார். பெத்த தாய்க்கே அவுட் குடுக்கற ஆளு நீங்க."

இங்கே ஒரு விதியைச் சொல்லியாக வேண்டும். பந்தை அடித்துவிட்டு ஓடுகிறவள் மைதானத்தின் நான்கு மூலையிலும் பதித்திருக்கும் திண்டுகளை, அதாவது ஒவ்வொரு பேஸையும், மிதித்துத்தான் போக வேண்டும்; கடைசி பேஸான ஹோமைத் தொட்டால் ஒரு ஓட்டம். மிதிக்காமல் தாண்டினால் அவுட். ஆனால் அம்பயர் கண்ணால் பார்த்திருந்தாலும் தானாகச் சொல்லக் கூடாது. ஜாடைகூடக் காட்டக் கூடாது. 'அவ மிதிக்கல, அவுட்தானே?' என்று எதிரணி கேட்க வேண்டும். அவர்கள் கேட்காமல் களத்தை விட்டு வெளியே வந்துவிட்டால் அந்த ஓட்டம் செல்லும். எந்தப் புண்ணியவான் எழுதினானோ தெரியவில்லை.

கடைசி இன்னிங்ஸ். ஸ்கோர் சமம். நர்ஸுகள் அணியில் இரண்டு பேர் அவுட்; இன்னும் ஒருத்தி அவுட்டானால் அவர்கள் முறை முடியும், ஒரு ஓட்டம் எடுத்துவிட்டால் கோப்பை அவர்களுக்கு. ஒருத்தி அடித்த பந்து தூரமாகப் போனது. இரண்டாவது பேஸில் நின்ற ஒல்லிப்பெண் மூன்றாவதைச் சுற்றிக்கொண்டு பறந்தாள். பந்து அக்கா கைக்கு வந்தபோது அந்த ஒல்லிப்பெண் ஹோமையே தொட்டுவிட்டாள். நர்ஸுகள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக் கத்தினார்கள். நம் பெண்கள் தலையில் கைவைத்தபடி ஒவ்வொருவராக வெளியே நடந்தார்கள்.

அக்கா மட்டும் நகரவில்லை. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு பேஸ் பக்கத்திலேயே அழுதுகொண்டு நின்றாள். மாமாவும் நகரவில்லை. அக்கா ஒருதரம் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவர் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றார். பாவம், வருத்தத்தில் நிற்கிறார் என்று நினைத்தேன். நான்தான், எருமை, தண்ணீர் பாட்டிலோடு ஓடிப்போய், "வா அக்கா, போதும்" என்று கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தேன். அவள் கோட்டைத் தாண்டிய பிறகுதான் மாமா ஆட்டம் முடிந்ததென்று அறிவித்தார்.

மறுநாள் சாப்பிடும்போது அக்கா தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னாள். "அந்தப் பொண்ணு என்னமா ஓடினா."

"மூணாவது பேஸை அவ மிதிக்கல" என்றார் மாமா.

அக்காவின் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. "நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன். நாலு விரல் தள்ளித்தான் கால் விழுந்துச்சு. நீ கேப்பேன்னு நின்னேன். எவ்வளவு நேரம் நின்னேன் தெரியுமா?"

"நான் பந்தைப் பாத்துட்டிருந்தேன். அவ காலை எப்படிப் பாப்பேன்?"

"கேட்டிருந்தா அவுட் குடுத்திருப்பேன்."

குடுத்திருப்பார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆட்டம் தொடர்ந்திருக்கும், ஜெயித்திருப்பார்களா என்பது வேறு கதை. அவர் செய்தது சரி. அவர் கையைப் பிடித்து யாரும் தப்பென்று சொல்ல முடியாது. அதனால்தான் எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது.

அக்கா கத்தவில்லை. "இத்தனை வருஷமா நீங்க கேட்டுத்தானா நான் சோறு போட்டேன்?" என்று மட்டும் சொன்னாள்.

மழைக்காலம் முடியுமுன் ஆலைக்கு மெஷின் வந்தது. அக்கா கடைசியாகப் பாக்கிங் கையுறையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்த அன்று, மாமா வேலையிலிருந்து வந்து கைகழுவிவிட்டு வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார். அடுப்பில் எல்லாம் சூடாக இருந்தது. அக்கா சுவரில் சாய்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தட்டை எடுக்கப் போனேன்.

"நீ சும்மா இரு" என்றாள். "அவரு கேக்கட்டும்."

மாமா நிமிர்ந்து பார்த்தார். உதடு லேசாக அசைந்தது. கேட்காமலே எழுந்து, குழாயில் தண்ணீர் குடித்துவிட்டுப் படுக்கப் போனார். அக்கா அடுப்பை அணைத்தாள்.