பாஸ்போர்ட் போட்டோவுக்குப் பதில் வந்த படகு

இதுவரை யாருக்கும் காட்டாத ஒரு படத்தை இன்று நானே தவறுதலாகப் பிரிண்ட் எடுத்துவிட்டேன்.

சதுரங்கப்பட்டினத்தில் நான் வேலை செய்யும் போட்டோ கடையில் ஆள் இல்லாத நேரங்களில், எங்கள் படகின் போட்டோவைக் கம்ப்யூட்டரில் திறந்து விளையாடுவேன். சுழற்றி, மங்கலாக்கி, லேயர் மேல் லேயர் வைத்தால் கடைசியில் படகு போய் வெறும் நிறங்கள் மட்டும் நிற்கும்.

இன்று ஓர் அண்ணன் பாஸ்போர்ட் போட்டோவுக்கு வந்தார். அவர் முகம் என்று நினைத்து நான் பிரிண்ட் கொடுத்தேன். வந்தது அந்தப் படம்.

"இன்னாமா இது, என் மூஞ்சி இப்டியா கீது?"

கடைக்கார அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. படத்தைக் கசக்கப் போனேன்.

சாப்பாடு கொண்டுவந்த அப்பா அதைப் பிடுங்கிப் பார்த்தார். "கசக்காதம்மா. நம்ம மீன்புடி போட்டு ஆச்சே இது!"

"எப்டிப்பா தெரியும்?"

"பெயின்ட் பத்தாம, வூட்டுக் கதவுக்கு அடிச்ச மிச்சத்த போட்டு மூக்குல பூசினோமே. அந்தப் பச்ச வேற எவன் போட்டுல கீது?"

உண்மைதான். மற்ற எல்லாவற்றையும் கலைத்த எனக்கு, அந்தப் பச்சையைத் தொட மட்டும் மனம் வரவில்லை.

வீட்டில் ஒட்டப்போவதாக எடுத்துப்போன அப்பா, வாசல் வரை போய்த் திரும்பி வந்தார். "எது மேல் பக்கம்மா?"

எனக்கே தெரியாது. படத்தை இந்தப் பதிவின் கீழே போட்டிருக்கிறேன், நீங்களாவது சொல்லுங்கள். அந்த அண்ணன் மட்டும் இதில் தன் மூஞ்சியைத் தேட வேண்டாம்.