மாதாவுக்கு முன்னால் வாங்கிய சத்தியம்

படகு முதலாளியான அந்தச் சம்மாட்டி என் தங்கையின் மாமியார் வீட்டுக் கதிரையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்ததை நினைத்தால் இன்றைக்கும் குமட்டுகிறது. அவருடைய படகுகளில் மீனோடு ஹெரோயின் தூளும் கரையேறுவது ஊருக்கே தெரியும். கோயிலில் முதல் வரிசையும் அவருக்குத்தான். த்தூ!

தங்கைக்கு அப்போது ஏழாம் மாதம். அவளுக்குத் தூளைப் பழக்கியவன் அவள் புருஷன். அவன் பொலிசில் பிடிபட்டு மறியலில் கிடந்தான்.

"மாதாவில கை வச்சுச் சத்தியம் பண்ணு பிள்ளை. இண்டையோட விட்டிடு" என்றார் சம்மாட்டி. குடிகாரரை அப்படித்தான் எங்கள் பக்கத்தில் திருத்தப் பார்ப்பார்கள். மாமியார் அவள் கையை இழுத்துச் சொரூபத்தின் காலடியில் வைத்தார்.

அடுத்த நாளே வாந்தி, நடுக்கம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் புரண்டாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப் போனால், "மருந்து குடிச்சுச் சத்தியத்தை முறிச்சால் பிள்ளை தங்காது" என்று மாமியார் வாசலை மறித்தார். கையில் செபமாலை வேறு! இடித்துத் தள்ளிவிட்டு அவளை ஓட்டோவில் ஏற்றினேன்.

கிளினிக் வாங்குப் பலகையில் இருந்த பெண்கள் 'தூள்காரி' என்று முணுமுணுத்துத் தள்ளி உட்கார்ந்தார்கள். அவர்களுக்கும் வயிற்றில் பிள்ளைதான். சீ, என்ன சனங்கள்!

டொக்டர் அம்மா முதலில் பிள்ளையின் துடிப்பைக் கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, "தூளைத் திடீரெண்டு நிப்பாட்டினால் பிள்ளை வயித்துக்குள்ளயே செத்துப் போகலாம். மருந்து தந்து மெல்ல மெல்லச் சரிப்படுத்துவம். பிள்ளைப்பேறு, தூள் பழக்கம் ரெண்டையும் நானே பாக்கிறன், வேற இடத்துக்கு அலைய வேண்டாம்" என்றார்.

தங்கை மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள். "அக்கா, மாதா கோவிப்பாவோ?"

"அவவும் பிள்ளை பெத்தவதான். குடியடி" என்றேன்.

பிள்ளை சின்னதாய், நடுங்கி நடுங்கித்தான் பிறந்தது. அம்மாவையும் பிள்ளையையும் அதே டொக்டர்தான் பார்த்தார். பிழைத்துவிட்டது.

ஞானஸ்நானத்துக்குச் சம்மாட்டி தங்கக் காப்போடு வந்து பிள்ளைக்குப் போட்டுவிட்டார். "சத்தியம் காப்பாத்திப் போட்டுது" என்று மாமியார் பல்லிளித்தார். தங்கை பிள்ளையின் கையிலிருந்து காப்பைக் கழற்றிச் சம்மாட்டியிடமே நீட்டினாள்.

"வேண்டாம் ஐயா. பிறக்க முந்தியே என்ர பிள்ளைக்கு உங்கட தூளைத் தந்திட்டியள். அதுவே காணும், போதும்."