வெள்ளம் ஏறாத இடம் காட்டும் பட்டன்

வரைபட மென்பொருளுக்குக் கோட் எழுதுவது என்பது, நேரில் போய்ப் பார்த்தால் பத்து நிமிஷத்தில் தெரிகிற விஷயத்தை மூன்று மாதம் உட்கார்ந்து கண்டுபிடிக்கிற தொழில். கம்ப்யூட்டர் முன்னால் கழுத்து வலிக்க உட்காரும் சக பாவிகளுக்கு இது புரியும்.

ஆற்றுக்குள் வீடு

மலேசியாவில், கோலா சிலாங்கூரில் ஒரு கடைக்கு மாடியில் எங்கள் ஆபீஸ். பக்கத்து எஸ்டேட்டில் ஆற்றோரம் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக்குள் வருஷா வருஷம் வெள்ளம் ஏறும். அங்கிருக்கும் இருபத்திரண்டு குடும்பத்துக்கும் வேறு இடத்தில் வீடு கட்டித்தர எஸ்டேட் கம்பெனி சம்மதித்திருந்தது. எந்த இடம் என்று சொல்ல ஒரு பட்டன் வேண்டுமாம். மேடாக இருந்தால் இத்தனை மார்க், ரோடு பக்கமென்றால் இத்தனை, காலி நிலமென்றால் இத்தனை என்று எஸ்டேட் மேனேஜரே பட்டியல் போட்டுக் கையெழுத்தும் வைத்தார். அதைப் பைத்தானில் எழுதுவது என் வேலை. மழைக்காலத்துக்குள் இடம் முடிவாகாவிட்டால், லயத்தில் இன்னொரு வருஷமும் கட்டில் காலுக்குச் செங்கல்தான்.

முதல் தடவை பட்டனைத் தட்டியதும் வரைபடத்தில் பாசிர் பெனம்பாங் மீனவக் கிராமத்துப் பக்கம், நட்டாற்றில், தேர்வான இடம் பச்சையாக எரிந்தது. மேட்டுக்குப் போட வேண்டிய மார்க்கைப் பள்ளத்துக்குப் போட்டிருக்கிறேன். லயத்துக்காகப் பேச வந்த பரமேஸ்வரி அக்கா திரையை எட்டிப் பார்த்தார்.

"வீடு வேணாம் தம்பி, ஆளுக்கொரு படகு கொடுக்கச் சொல்லு."

எல்லாப் பாடத்திலும் நூறு

தப்பைத் திருத்தினேன். இப்போது எஸ்டேட் நடுவிலேயே ஓர் இடம் முழு மார்க் வாங்கியது. நல்ல மேடு, ரோட்டோரம், ஒரு செம்பனை மரம்கூட இல்லாத காலி நிலம். பெருமை தாங்காமல் அந்த எஸ்டேட்டில் முன்பு மண்டோராக, அதாவது கங்காணியாக இருந்த முனியாண்டி மாமாவின் மோட்டார் சைக்கிள் பின்னால் ஏறிக்கொண்டு பார்க்கப் போனேன். போகிற வழியெல்லாம் மாமா சிரித்துக்கொண்டே வந்தார். இறங்கிப் பார்த்தால் சுடுகாடு. எந்த வரைபடத்திலும் அது இல்லை.

"மெஷினு சரியாத்தான் சொல்லுது லா. தண்ணி ஏறாத எடத்த செத்தவங்களுக்குக் கொடுத்துட்டுத்தான் நாங்க பள்ளத்துல குடியிருக்கோம்."

இரண்டாவது ரேங்க்

சுடுகாட்டைக் கழித்துவிட்டு மறுபடி ஓட்டினேன். இந்தத் தடவை எல்லார் முன்னாலும், எஸ்டேட் ஆபீஸ் சுவரில் படம் காட்டி. பச்சை மெதுவாகக் குன்றின் மேல் ஏறி, மேனேஜர் பங்களாவைச் சுற்றியிருந்த புல்வெளியில் உட்கார்ந்துகொண்டது. அவர் சாயங்காலம் கோல்ஃப் பந்து அடித்துப் பழகுகிற புல்வெளி.

"தம்பி, புல்லுக்குக் கொஞ்சம் மார்க் குறைக்க முடியுமா?" என்றார் மேனேஜர்.

நான் பேசினால் எனக்கே சரியாகக் கேட்காது. அவர் கையெழுத்து வைத்த பட்டியலை எடுத்து முணுமுணுவென்று படிக்க ஆரம்பித்தேன். "சத்தமா படி லா!" என்றார் பரமேஸ்வரி அக்கா. படித்தேன். கடைசியில் கையெழுத்தையும் பெயர் சொல்லிப் படித்தேன். மேனேஜர் ஜன்னல் வழியாகப் புல்லைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், பிறகு சரியென்று தலையாட்டினார். அக்கா எழுந்து அவருக்கு ஆறுதல் சொன்னார்.

"கவலப்படாதீங்க சார், பக்கத்து வீட்டுக்காரங்க நாங்க நல்லவங்கதான்."

மூன்று மாதம் கோட் எழுதி நான் கண்டுபிடித்தது இவ்வளவுதான்: எங்கள் பக்கத்து எஸ்டேட்டில் கால் நனையாமல் படுக்க, இதுவரை ஒன்று செத்திருக்க வேண்டும், இல்லையென்றால் மேனேஜராக இருக்க வேண்டும்.