சொத்தையில்லாத நாலு பல்

அக்காவின் பற்கள் பழுப்பு. முன்பற்களில் குறுக்கே கோடு கோடாக, துருப்பிடித்த தகரம் மாதிரி இருக்கும். அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. தர்மபுரிப் பக்கம் இருந்தபோது பிறந்தவள் அவள். எட்டு வயது வரை அந்த ஊர்க் கிணற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தாள். மாற்றலாகித் தாம்பரம் வந்தபிறகு பிறந்தவள் நான். என் பல் வெள்ளை வெளேரென்று இருக்கும். அது ஏதோ என் சாமர்த்தியம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

செங்கல் பொடி, அடுப்புக்கரி, உப்பு என்று அம்மா சொன்னதையெல்லாம் வைத்துத் தேய்த்தாள் அக்கா. ஈறு கிழிந்து ரத்தம் வந்ததே தவிர கறை போகவில்லை.

எண்பதுகளின் கடைசியில், சிட்லபாக்கத்தில் குடியிருந்தபோது, கூடுவாஞ்சேரியிலிருந்து அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். "பல்லு தெரியாம பதில் சொல்லு" என்று அம்மா காலையிலிருந்தே அவளுக்குப் பாடம் நடத்தினாள். என்னிடம், "நீ ஹாலுக்கு வராதே. உன்னைப் பார்த்தா அவளைப் பிடிக்காது" என்றாள். எனக்குப் பதினாறு வயது. புதுத் தாவணியோடு சமையலறையில் நிற்க ஆத்திரமாக வந்தது.

மாப்பிள்ளையின் மாமா காபியைச் சர்ரென்று உறிஞ்சினார். அக்காவுக்கு மட்டும் தெரிகிற மாதிரி கதவோரம் நின்று, அவரைப் போலவே உதட்டைக் குவித்துக் கண்ணை உருட்டினேன். அக்காவுக்குச் சிரிப்பை அடக்க வராது. அது எனக்குத் தெரியும்.

வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

மாப்பிள்ளையின் அம்மா டம்ளரைக் கீழே வைத்தாள். "பொண்ணு புகையிலை போடுமா?"

"ஐயோ, இல்லைங்க. முன்னே இருந்த ஊர்த் தண்ணி அப்படி" என்றாள் அம்மா.

"எல்லாரும் தண்ணிதாங்க குடிக்கிறோம்" என்று சொல்லி எழுந்துகொண்டாள் அவள்.

மறுவாரம் அம்மா அக்காவைத் தாம்பரத்தில் ஒரு பல் டாக்டரிடம் கூட்டிப்போனாள். துணைக்கு நானும் போனேன்.

"ஒரு சொத்தைகூட இல்லம்மா" என்றார் அவர். "இது ஃபுளோரைடு. தண்ணியில கொஞ்சமா இருந்தா பல்லுக்கு நல்லது. சில நாட்டுல குடிதண்ணியில அவங்களே கலந்து விடறாங்க. இந்தப் பொண்ணு குடிச்ச தண்ணியில அளவுக்கு மேல இருந்திருக்கு. கறை போகாது. ஆனா பல்லு நல்ல கெட்டி."

சும்மா என் வாயையும் பார்த்தார். என் வெள்ளைப் பல்லில் மூன்று சொத்தை.

"கெட்டியா இருந்து என்ன சார்? பிடுங்கிட்டு வேற கட்டிடுங்க" என்றாள் அம்மா. அவர் முடியாது என்றுவிட்டார்.

பெருங்களத்தூரில் ஒருவர் ஒப்புக்கொண்டார். மேல்வரிசையில் முன்பற்கள் நான்கு. லேசில் வரவில்லை. அவர் வியர்த்து விறுவிறுத்து இழுத்தார். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "பொறுத்துக்கோடி, எல்லாம் உனக்காகத்தான்" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அடுத்த வருடம் வேறொரு மாப்பிள்ளையோடு கல்யாணம் நடந்தது. பல் கட்டியதை மாப்பிள்ளை வீட்டாரிடம் நாங்கள் யாரும் சொல்லவில்லை. இரண்டாம் மாதம், அக்கா பல் செட்டைக் கழற்றிக் கழுவுவதை மாமியார் பார்த்துவிட்டாள். ஏமாற்றிக் கட்டிவைத்துவிட்டோம் என்று தெருவே கேட்கச் சத்தம் போட்டு அவளைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்கள். ஒரு மாதம் கழித்துத்தான், அப்பா கெஞ்சிக் கூத்தாடித் திரும்பக் கொண்டுபோய் விட்டார்.

அந்த மாதத்தில் ஒருநாள் துணி மடித்துக்கொண்டிருந்தோம். அவள் செட்டைப் போட்டிருக்கவில்லை.

"அன்னிக்கு நீ வேணும்னுதான் செஞ்சியா?"

"இல்லக்கா. சத்தியமா இல்ல."

தலையாட்டினாள். "நான்தான் சிரிச்சிருக்கக் கூடாது" என்றாள்.